மதியம் ஒரு வயிறு, காலையில் வேறு வயிறா?

2025 ஆகஸ்ட் 26. சென்னை மயிலாப்பூர், புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளி. முதல்வர் ஸ்டாலினும் பஞ்சாபிலிருந்து வந்திருந்த முதல்வர் பகவந்த் மானும் குட்டிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். நகர்ப்புறத்தில் இருக்கும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் இனிமேல் காலை உணவு உண்டு என்று அறிவிப்பு. 2,429 பள்ளிகள், மூன்று லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள். டிவியில் நாள் முழுக்க ஓட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் கைதட்டி முடித்த பிறகாவது யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகள் ஆகஸ்ட் 25 வரைக்கும் காலையில் என்ன சாப்பிட்டார்கள்?

அதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்த விழாவையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி, புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. அன்றைக்குக் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்குத் திட்டம் வந்தது. 3,995 பள்ளிகள், 2.23 லட்சம் பிள்ளைகள். இரண்டு விழாவும் நடந்தது கத்தோலிக்கர்கள் நடத்தும் சின்னத் தொடக்கப்பள்ளியில். தற்செயலாக இருக்காது. இத்தனை நாளாக யாரை வெளியே நிறுத்தி வைத்திருந்தோம் என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்த வீட்டுக்கே போய் இலை போட்டிருக்கிறார்கள்.

முதலில் இந்த 'அரசு உதவிபெறும் பள்ளி' என்ன சமாச்சாரம் என்று பார்த்துவிடலாம். பாதிப் பேர் இதைப் பிரைவேட் ஸ்கூல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிஸ்டர்கள் இருக்கிறார்கள், வாசலில் மாதா கெபி இருக்கிறது, அப்படியென்றால் ஃபீஸ் வாங்குகிற கான்வென்ட் என்று ஒரு கணக்கு. இல்லை. கட்டடமும் நிர்வாகமும் சபையுடையது, அவ்வளவுதான். டீச்சருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். பாடப்புத்தகம், சீருடை, நோட்டு எல்லாம் அரசாங்கம் கொடுப்பது. வந்து சோதனை போடுகிறவர் வட்டாரக் கல்வி அலுவலர். தமிழ்வழி வகுப்பில் கல்விக் கட்டணம் கிடையாது. மதியம் சத்துணவு உண்டு, முட்டை உண்டு. பக்கத்துத் தெரு நகராட்சிப் பள்ளிக்கும் இதற்கும் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரே வித்தியாசம், காலை அசெம்பிளியில் பாடுகிற ஒரு பாட்டு.

அங்கே படிப்பவர்கள் எல்லாம் கத்தோலிக்கப் பிள்ளைகள் என்று நினைத்தாலும் தப்பு. விருதுநகர் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? வகுப்பில் மாரியம்மன் பேர் வைத்த பிள்ளையும், ஆண்டாள் பேர் வைத்த பிள்ளையும், அந்தோணி பேர் வைத்த பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும். ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது மற்றவர்களுக்கு நீதிபோதனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடினால் மாவட்டத்துக்கே லீவு. செப்டம்பர் 8 மாதா பிறந்த நாளுக்கு இனிப்பு. டிசம்பரில் குடில் ஜோடிக்க வைக்கோல் கொண்டு வருகிற பையன் கழுத்தில் ஐயப்ப மாலை கிடக்கும். யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் போட்டோ பிடித்து 'மத நல்லிணக்கம்' என்று தலைப்பு வைப்பது வெளியே இருக்கிறவர்கள்தான். உள்ளே இருக்கிறவர்களுக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை.

இப்படிப்பட்ட ஒரு பள்ளியின் வருஷத்தில் என்னென்ன செய்தி இருக்கும்? மே மாதம் வெயிலில் டீச்சர்கள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளை பிடிக்கப் போவார்கள். அது வேண்டுதல் மாதிரி வருஷா வருஷம் நடக்கும். முப்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்பது கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் ஒரு டீச்சர் 'உபரி' ஆகிவிடுவார். ஜூனில் புத்தகம். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்ட் 15 கொடி, மிட்டாய். அப்புறம் மாதா திருநாள், குழந்தைகள் தினம், கிறிஸ்துமஸ், ஆண்டு விழா. ஆண்டு விழாவுக்குப் பங்குச்சாமி வருவார், கவுன்சிலர் வருவார், இரண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசுவார்கள். பிள்ளைகள் எப்போது டான்ஸ் வரும் என்று காத்துக் கிடக்கும். இவ்வளவுதான். இந்த மாதிரிப் பள்ளிக்கு 'செய்தி' என்று சொல்லும்படி பத்து வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். அப்படி வந்த ஒன்றுதான் காலைச் சாப்பாடு. அதையும் இவர்களுக்குக் கடைசியாகக் கொடுத்தார்கள்.

தேதி தேதியாகப் பார்த்தால்தான் கோபம் வரும்.

2022 செப்டம்பர் 15, மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளி. திட்டம் தொடக்கம். முதல் கட்டமாக 1,545 பள்ளி, 1,14,095 பிள்ளை, 33.56 கோடி ரூபாய். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி, மலைக்கிராமம் என்று எல்லா வகைப் பள்ளியும் அந்தப் பட்டியலில் இருந்தது. உதவிபெறும் பள்ளி இல்லை. பரவாயில்லை, சோதனை முயற்சி என்று விட்டுவிடலாம்.

2023 ஆகஸ்ட் 25, திருக்குவளை. தமிழ்நாடு முழுக்க 31,008 அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் திட்டம் போய்ச் சேர்ந்தது. உதவிபெறும் பள்ளி இல்லை. இது சோதனை முயற்சி கிடையாது. இந்தத் தடவை வெளியே நிறுத்தியது யோசித்துச் செய்தது.

2024 ஜூலை 15. கிராமத்து உதவிபெறும் பள்ளிக்கு வந்தது. ஊருக்குள் இருப்பவற்றுக்கு இல்லை.

2025 ஆகஸ்ட் 26. ஊருக்குள்ளும் வந்தது.

இப்போது ராஜபாளையத்துக்கு வாருங்கள். வெளியூர்க்காரர்களுக்கு ராஜபாளையம் என்றால் நாய், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. உள்ளூர்க்காரர்களுக்கு ராஜபாளையம் என்றால் மில். 1930களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்து வைத்தது, இன்றைக்கு ஊரைச் சுற்றி நூற்பாலையாக நிற்கிறது. சத்திரப்பட்டிப் பக்கம் போனால் தறிச் சத்தம், ஆஸ்பத்திரிக் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்கிறார்கள். இரண்டு ஊரும் நகராட்சி. நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் உதவிபெறும் பள்ளிகள் உண்டு. சபை நடத்துவது, சமுதாயம் நடத்துவது, வசதியான குடும்பம் எப்போதோ தர்மத்துக்கு ஆரம்பித்தது என்று பல தினுசு.

காலை ஷிப்டுக்குப் போகிற அம்மா விடியுமுன் வேனில் ஏறிவிடுவார். அப்பா நைட் ஷிப்டு முடித்து வந்து படுத்திருப்பார். பிள்ளைக்கு டீயும் வறுக்கியும். இல்லாவிட்டால் பழைய சோறு. பாட்டி இருக்கிற வீட்டில் மட்டும் இட்லி. இந்த ஊர்களில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு யாருக்காவது தேவை என்றால் இவர்களுக்குத்தான் தேவை. அந்த அம்மா பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்தார்? வீட்டுக்குப் பக்கத்தில் எது இருந்ததோ அதில். 'இது அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா, நிர்வாகம் யார்' என்று அரசாணையைப் படித்துப் பார்த்துவிட்டா சேர்த்தார்?

2024 ஜூலைக்கு அப்புறம் கூத்து இன்னும் மோசம். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் உதவிபெறும் பள்ளியில் பொங்கல் கொதிக்கிறது. நகராட்சி எல்லைக் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே சபை, அதே மாதிரிப் பள்ளி, அதே மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, ஆனால் அடுப்பு இல்லை. சரி, ஊருக்குள் யாருக்குமே இல்லையா என்றால் அதுவும் இல்லை. பக்கத்துத் தெரு நகராட்சிப் பள்ளியில் 2023-லிருந்தே சாம்பார் வாசம் வருகிறது. கிராமத்துக்குள் இருந்தாலும் கிடைக்கும், அரசுப் பள்ளியாக இருந்தாலும் கிடைக்கும். ஊருக்குள்ளும் இருந்து உதவிபெறும் பள்ளியாகவும் இருந்தால் மட்டும் கிடையாது. பதின்மூன்று மாதம் இப்படி.

2023 ஆகஸ்டில் ராஜபாளையத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நாலாம் வகுப்பு படித்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முழுக்கக் காலை உணவு வந்துவிட்டது என்று டிவியில் பார்த்தது. 2024 ஜூனில் ஐந்தாம் வகுப்பு. கிராமத்துக்கு வந்துவிட்டது என்று பார்த்தது. 2025 ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆகஸ்டில் அதன் பழைய பள்ளிக்கு அடுப்பு வந்தது. ஒரு நாள்கூடச் சாப்பிடாமல் அந்தப் பிள்ளையின் தொடக்கப்பள்ளிக் காலம் முடிந்துபோயிற்று. 'படிப்படியான விரிவாக்கம்' என்று கோப்பில் எழுதுகிறார்களே, அதற்கு அர்த்தம் இதுதான். அதிகாரிக்கு அது படி, பிள்ளைக்கு அது ஒரு வகுப்பு.

இதே மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் காமராசர் மாவட்டம் என்றே பேர். காமராஜர் பிறந்தது விருதுநகர். 1952-ல் அவர் பார்லிமெண்டுக்குப் போனது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து. அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று யாராவது யோசித்தார்களா? விருதுநகர் ஷத்திரிய வித்யாசாலா. அரசுப் பள்ளி கிடையாது. நாடார் சமூகத்தார் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளி. அதாவது 2023-ல் போட்ட விதிப்படி காமராஜருக்கே காலைச் சாப்பாடு கிடைத்திருக்காது! அவர் பிறந்த நாளில் விழா எடுத்து, அவர் படித்த மாதிரிப் பள்ளியைப் பாதி உள்ளே விட்டு, பாதியை வெளியே நிறுத்தியது யாருடைய மூளையோ.

அவர் 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு ஆரம்பித்தபோது இந்தப் பாகுபாடு இல்லை. உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். அன்றைய மதராஸ் ராஜ்யத்தில் மிஷன் பள்ளிகளையும் மற்ற உதவிபெறும் பள்ளிகளையும் கழித்துவிட்டால் தொடக்கப்பள்ளி என்று எத்தனை மிஞ்சியிருக்கும்? எம்ஜிஆர் கதையும் பாருங்கள். 1982 ஜூலை 1-ல் கிராமங்களில் சத்துணவு ஆரம்பம். ஊர்ப்புறங்களுக்கு எப்போது போனது? அதே வருஷம் செப்டம்பர் 15. இரண்டரை மாதம்! கம்ப்யூட்டர் இல்லை, ஆப் இல்லை, மாநிலமே பணத்துக்குத் திண்டாடுகிறது, திட்டக் குழுவில் இருந்தவர்கள் முதற்கொண்டு பலரும் இதெல்லாம் நடக்காது என்றார்கள். கிராமத்திலிருந்து ஊருக்குள் வர அப்போது இரண்டரை மாதம் ஆனது. 2024-ல் அதே தூரத்தைக் கடக்கப் பதின்மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

பணம் இல்லை என்பார்கள். முதல் கட்டத்துக்கு அவர்களே சொன்ன கணக்கை எடுத்து வகுத்துப் பாருங்கள். 33.56 கோடியை 1,14,095 பிள்ளைக்குப் பங்கு போட்டால் தலைக்கு வருஷத்துக்கு 3,000 ரூபாய்கூட வரவில்லை. அதே கணக்கில் ஊருக்குள் இருந்த மூன்று லட்சம் பிள்ளைக்கும் வருஷத்துக்குக் கிட்டத்தட்டத் தொண்ணூறு கோடி. தமிழக அரசுக்கு இது பணமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருஷம் மூன்று லட்சம் பிள்ளையைக் காக்க வைக்கிற அளவுக்குப் பெரிய பணமும் இல்லை.

அடுத்த வாதம்தான் உண்மையான வாதம். அரசுப் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது, சலுகையை அங்கே மட்டும் கொடுத்தால்தான் மக்கள் அங்கே வருவார்கள் என்பது. இதை நல்லவர்கள்தான் சொல்கிறார்கள், அதனால் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி வளர வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அரசுப் பள்ளியை விட்டுப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? மஞ்சள் வேன் வருகிற இங்கிலீஷ் மீடியத்துக்கு. மெட்ரிக் பள்ளிக்கு ஃபீஸ் கட்டுகிற வீட்டை ஒரு கரண்டி உப்புமாவால் இழுக்க முடியாது. உப்புமாவுக்காக இடம் மாறக்கூடிய ஒரே வீடு, உதவிபெறும் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் ஏழை வீடு. ஆக, இது என்ன போட்டி? பணக்காரனிடமிருந்து பிள்ளையை மீட்கிற போட்டி இல்லை. ஒரு ஏழைத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து இன்னொரு ஏழைத் தமிழ்வழிப் பள்ளிக்குப் பத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டு, இங்கே எண்ணிக்கை கூடிவிட்டது என்று சொல்வது. ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சம்பாதித்துவிட்டேன் என்கிற மாதிரி. தூண்டிலில் மாட்டுகிற புழு மாதிரிச் சாப்பாட்டைப் பயன்படுத்தலாம் என்றால் அதற்குப் பேர் உணவுத் திட்டம் இல்லை.

மூன்றாவது வாதம் ஒன்று உண்டு, டீக்கடையில் சொல்வது. 'கிறிஸ்தவப் பள்ளிக்கு ஏன் நம் வரிப்பணம்?' என்று. பொங்கல் போவது பிள்ளையின் வயிற்றுக்கு, பிஷப் வயிற்றுக்கு இல்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

அரசாங்கத்தைத் திட்டிவிட்டுச் சபையைச் சும்மா விட்டால் நியாயம் இல்லை.

ஊர் ஊருக்கு ஒரே காட்சிதான். ஒரு பெரிய காம்பவுண்ட். முன்பக்கம் மூன்று மாடி மெட்ரிக் பள்ளி, டைல்ஸ், கம்ப்யூட்டர் லேப், பூச்செடி, வாட்ச்மேன். பின்பக்கம், கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில், ஓட்டுக் கட்டடத்தில் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி. அதுதான் முதலில் வந்தது. அந்தப் பள்ளிக்காகத்தான் அந்தக் காலத்தில் சனங்கள் மண் சுமந்தார்கள். இன்றைக்கு விருந்தாளி வந்தால் முன்பக்கத்தை மட்டும் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். மெட்ரிக் பள்ளிக்கு அட்மிஷன் கிடைக்க சிபாரிசு கேட்டு நிற்கிறார்கள், பின்பக்கத்துப் பள்ளி டீச்சர் வெயிலில் பிள்ளை பிடிக்கப் போகிறார். இரண்டுக்கும் ஒரே தாளாளர்!

காலை உணவு கிடைக்காத அந்த இரண்டு வருஷத்தில் சபைகள் என்ன செய்தன என்பதையும் கேட்க வேண்டும். திருநாளுக்கு அசனம் போடத் தெரிகிறது. ஆயிரம் பேருக்கு அண்டா அண்டாவாகச் சமைத்து, சாதி மதம் பார்க்காமல் பந்தி போட்டுச் சாப்பாடு போடுகிறார்கள், நல்ல விஷயம். அந்தோணியார் பேரில் செவ்வாய்க்கிழமை ஏழைகளுக்கு அப்பம் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. அறுபது எழுபது பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஐந்து நாள் காலையில் ஒரு கரண்டி பொங்கல் போட எத்தனை அண்டா வேண்டும்? மேலே வந்த அதே கணக்கில் வருஷத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய். சில இடங்களில் யாராவது ஒரு சிஸ்டர் கைக்காசு போட்டு ரொட்டியும் பாலும் கொடுத்திருப்பார், அந்தப் புண்ணியவதிகளுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. ஆனால் அது சபையின் ஏற்பாடாக இருந்திருக்க வேண்டும், ஒரு சிஸ்டரின் இரக்கமாக இல்லை. சிறுபான்மை உரிமை, அரசியல் சட்டம் 30-ஆம் பிரிவு என்று கோர்ட்டில் வாதாடத் தெரிந்தவர்களுக்கு அந்த உரிமை எந்தப் பிள்ளைக்காக என்பது மட்டும் அடிக்கடி மறந்துபோகிறது.

அந்த 30-ஆம் பிரிவு விஷயத்திலேயே டெல்லிக்காரர்கள் செய்த ஒரு வேடிக்கை இருக்கிறது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு ஓர் உதவித்தொகை கொடுத்து வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்கு 1,000 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் ஒரு ஜோடி செருப்பும் ஒரு பையும் வாங்கலாம். 2022-ல் எட்டாம் வகுப்பு வரைக்கும் அதை நிறுத்திவிட்டார்கள். காரணம்? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்விதான் இருக்கிறதே என்றார்கள். ஆனால் 2014 மே மாதம் பிரமதி வழக்கில் சுப்ரீம் கோர்ட் என்ன தீர்ப்புச் சொன்னது? சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று. பொருந்தாத சட்டத்தைக் காரணம் காட்டிக் கிடைத்துக்கொண்டிருந்த 1,000 ரூபாயைப் பிடுங்கியிருக்கிறார்கள். சென்னை காலையில் காக்க வைத்தது, டெல்லி இருந்ததையும் எடுத்துக்கொண்டது. இரண்டு கட்சியும் மேடையில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும். பின்பெஞ்சுப் பிள்ளைக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

காலை உணவு ஒருவழியாக வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பழைய கணக்கு என்று சிலர் கேட்கலாம். பழைய கணக்கு இல்லை. இதே பழக்கம் வேறு வேறு இடத்தில் தொடர்ந்து நடக்கிறது. புதுமைப் பெண் திட்டம், கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் ஆரம்பித்தார்கள். உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு 2024 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. அதுவும் இரண்டு வருஷத்துக்கு மேல். ஒவ்வொரு தடவையும் முதலில் மறப்பது, அப்புறம் பெருந்தன்மையாக நினைவு வந்து விழா எடுப்பது. ஒரே பந்தியில் இருந்தும் ஒவ்வொரு தடவையும் இரண்டாம் பந்தி.

எல்லாவற்றையும்விடப் பெரியது இன்னும் நிற்கிறது. 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீட் எழுதி மருத்துவத்துக்குப் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மிக நல்ல சட்டம். அது இல்லாவிட்டால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் டாக்டருக்குப் படித்திருக்கவே முடியாது. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல சலுகையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளையையும் சேர்த்துக்கொண்டார்கள். சரிதான், அதுவும் ஏழைப் பிள்ளைதானே. அப்படியென்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை உதவிபெறும் பள்ளியில், தமிழ்வழியில், அதே சத்துணவைச் சாப்பிட்டுப் படித்த பிள்ளை யார்? அது பணக்காரப் பிள்ளையா? தனியார் பள்ளியில் எட்டு வருஷம் படித்த பிள்ளைக்குத் திறந்த கதவு, அரசாங்கச் சம்பளம் வாங்கும் டீச்சரிடம் பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளைக்குத் திறக்கவில்லை.

இதற்கெல்லாம் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. இனிமேல் போடுகிற ஒவ்வொரு அரசாணையிலும் 'அரசுப் பள்ளி மாணவர்' என்று தட்டச்சு செய்கிற இடத்தில் 'அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்' என்று முதல் நாளே தட்டச்சு செய்ய வேண்டும். நாலே நாலு வார்த்தை கூடுதல். அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று அந்த ஊரே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அந்த முத்திரை குத்திய காகிதத்தில், அந்தக் கோபுரத்தின் நிழல் விழுகிற தூரத்தில் படிக்கும் பிள்ளைக்கு இடம் இல்லை என்றால் என்ன பெருமை?

மேலே சொன்ன அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும். அநேகமாக அதே சிஸ்டர்கள் நடத்துகிற உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிக்கு, ஏனென்றால் அதுவும் நடந்து போகிற தூரம்தான். அங்கேயே படித்தால் 2032-ல் பிளஸ் டூ முடிக்கும். காலைச் சாப்பாட்டில் அதற்கு நாலு மாதத்தில் வாய்ப்பு தவறிப்போயிற்று. 7.5 சதவீதச் சட்டத்தைத் திருத்த அதுவரைக்கும் நேரம் இருக்கிறது.